ஒரு நாள் ஆடம்பரமும் ஒரு வருடத் துண்டும்

(தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறீர்கள். பலர் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. வீட்டில் அடுப்புப் பற்றவைக்க வேண்டும், பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே அதிக நேரம் எடுக்க மாட்டோம்.

இன்றைக்குப் பேசச் சொன்ன தலைப்பு 'ஆடம்பரமும் சிக்கனமும்'. இந்தத் தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பின் அர்த்தம் எங்களுக்கு விளங்குகிறது. "ஐயா சிக்கனம் சொல்லிக் குடுக்க வந்துட்டாரு. ரொட்டியும் சம்பலும் திங்கிற நமக்கு ஆடம்பரம் எங்க இருக்கு?" என்பதுதானே?

நியாயமான கேள்வி. அதனால் ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சம்பளம் காணாது என்று சொல்கிறவனிடம் சிக்கனமாக இரு என்று சொல்லி வாயை அடைப்பது சரியில்லை. ஆயிரம் ரூபாவுக்காக நீங்கள் எத்தனை வருடம் வீதியில் நின்றீர்கள்! 2021 மார்ச்சில்தான் அந்த ஆயிரம் ரூபா வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவானது. இவை ஒன்றும் சும்மா வந்தவையல்ல. நல்ல சம்பளம் கேட்பது உங்கள் உரிமை. அதை நாங்கள் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அத்தனை பாடுபட்டு வாங்கிய சம்பளம் யாருடைய கைக்குப் போகிறது என்று பார்ப்பது நம்முடைய பொறுப்பு. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

நமது லயங்களில் சிக்கனம் இல்லை என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். சிக்கனம் நிறைய இருக்கிறது. ஆனால் அது தொடங்கக் கூடாத இடத்தில் தொடங்குகிறது. கையில் காசு குறைந்தால் முதலில் எதை நிறுத்துகிறோம்? பிள்ளைக்குக் கொடுக்கிற முட்டையை நிறுத்துகிறோம். பாலை நிறுத்தி, பிள்ளைக்கும் வெறும் சாயத்தண்ணியைக் கொடுக்கிறோம். தாய் தன் பங்கு கறியைப் புருசனுக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போகிறாள். இரத்தம் குறைந்து, கொழுந்து மலையில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிற பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி விட்டவர்கள் நாங்கள். இதைச் சிக்கனம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

வருடம் முழுவதும் வயிற்றைக் கட்டுகிறோம். பிறகு ஒரு நாள் வருகிறது. சடங்கு, கல்யாணம், பிறந்த நாள் என்று ஏதோ ஒன்று. கட்டிய வயிற்றுக்கெல்லாம் சேர்த்து அந்த ஒரே நாளில் செலவழிக்கிறோம். கட்டி வைத்த காசையா? இல்லை. இனிமேல் கட்டப் போகிற வயிற்றுக் காசை!

ஒரு குடும்பத்தின் கணக்கைச் சொல்கிறோம். அந்தத் தாய் சம்மதித்த பிறகுதான் சொல்கிறோம். பெயரும் டிவிசனும் வேண்டாம். புருசன், பொண்டாட்டி இரண்டு பேரும் வேலை. மூத்தவன் மகன், தரம் 11. அடுத்தது மகள். மகள் பெரியபிள்ளை ஆனாள். தகப்பன் முதலில் சின்னதாகத்தான் செய்ய நினைத்தார். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்னே பக்கத்து லயத்தில் ஒரு சடங்கு பெரிதாக நடந்திருந்தது. "அவங்க வீட்டுல அப்படிச் செஞ்சாங்க, நம்ம புள்ளை என்ன கொறைஞ்சவளா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அவ்வளவுதான்.

பந்தல், சோடனை, கதிரை வாடகை 35,000. சேலை, உடுப்பு, அலங்காரம் 30,000. சாப்பாடு 90,000. ஒலிபெருக்கி, லைட் 20,000. வீடியோ, போட்டோ, அல்பம் 40,000. அழைப்பிதழ், பேனர் 10,000. 'வந்தவர்களைக் கவனிக்க' என்று போத்தல் கணக்கு 25,000. மொத்தம் 250,000 ரூபா.

இந்தக் காசு எங்கிருந்து வந்தது? சீட்டு எடுத்தது 30,000. நகை அடகு 80,000. டவுன் கடையில் சாமான் கடன் 40,000. மிச்சம் 100,000 நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கியது.

மொய் 90,000 வந்தது. அதில் 40,000 கடைக்காரருக்குப் போனது. 50,000 வட்டிக்காரருக்குப் போனது. இன்னும் 50,000 முதல் நிற்கிறது. அதற்கு மாதம் 5,000 ரூபா வட்டி. ஒரு வருடம் வட்டி கட்டினால் 60,000 ரூபா. வாங்கிய கடனைவிட அதிகமாகக் கட்டியாயிற்று. ஆனால் முதல் 50,000 அப்படியே இருக்கிறது! அடகு வைத்த நகையும் கடையில்தான் இருக்கிறது. மொய்யாக வந்த 90,000 மட்டும் என்ன, இனாமா? கொப்பியில் பெயர் எழுதி வாங்கியது. அவரவர் வீட்டு விசேஷத்துக்கு ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். அதுவும் கடன்தான்.

இப்போது ஒரு சின்ன வித்தை சொல்லித் தருகிறோம். செலவை ரூபாவில் பார்க்காதீர்கள். பேரில் பாருங்கள். செக்றோலில் விழுகிறதே, அந்தப் பேர். அந்த விசேஷம் நடந்த சமயத்தில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் 250,000 ரூபா என்றால் 185 பேர். சேமலாப நிதிக்குக் கழிப்பதையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் கூடும். மாதம் 20 பேர் விழுகிற ஒரு ஆளுக்கு இது ஒன்பது மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. வீடியோவுக்கு மட்டும் ஏறக்குறைய 30 பேர். ஒலிபெருக்கிக்கு 15 பேர். போத்தலுக்கு 18 பேருக்கும் மேலே. ஒரு கிழமை பந்தலில் தொங்கிவிட்டு மழையில் கிழிந்துபோன பேனரும் அழைப்பிதழும் ஏழு பேரை விழுங்கிவிட்டன. வட்டி மட்டும் மாதா மாதம் நாலு பேர் அளவில் எடுத்துக்கொள்கிறது.

நூறு ரூபா நோட்டுக்கு முகம் இல்லை. அதனால் அது கையைவிட்டுப் போவது தெரிவதில்லை. ஆனால் ஒரு பேருக்கு முகம் இருக்கிறது. அட்டைக் கடியும், நனைந்த கம்பளியும், ஏற்றத்தில் தலையில் சுமந்த கூடையும் அந்த ஒரு பேருக்குள் இருக்கின்றன. "இந்தச் சாமானுக்கு எத்தனை பேர் போடணும்?" என்று மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். உங்கள் சிட்டையில் இன்றைக்கு என்ன சம்பளம் இருக்கிறதோ அதை வைத்தே கணக்குப் பாருங்கள். வேண்டியதை வாங்க இந்தக் கணக்கு தடை செய்யாது. வேண்டாததைத் தானாகவே காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் குடும்பத்தின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறோம். சடங்கு முடிந்து இரண்டாவது மாதம் மூத்த மகன் பாடசாலைக்கு வருவதில்லை என்று ஆசிரியர் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். சாதாரண தரப் பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. நாங்கள் வீட்டுக்குப் போனோம். பையன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். "வட்டி கட்ட முடியலைங்க ஐயா. ஆறு மாசம் மட்டும் போயிட்டு வரட்டும்" என்றார் தகப்பன். அவனுடைய தேர்ச்சி அறிக்கையைக் காட்டச் சொன்னோம். தாய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மேலே மகளின் அல்பம். அதைத் தூக்கி வைத்துவிட்டு, அடியிலிருந்து அறிக்கையை எடுத்துத் தந்தார். கணிதத்தில் நல்ல புள்ளி வாங்கியிருந்தான். தாய் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் ஒன்றும் பேசவில்லை.

அவன் அந்தப் பரீட்சையை எழுதவில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், விண்ணப்பத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். ஆறு மாதம் கழிந்துவிட்டது. பையன் இன்னும் வரவில்லை.

பெரியவர்களே, கடன் என்பது நமது மக்களுக்குப் புதிய பேய் அல்ல. நமது பாட்டன், பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளைஞர்களுக்காகச் சொல்கிறோம். இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வரும்போதே வழிச்செலவும் முற்பணமும் அவர்கள் தலையில் கடனாக எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரையிடம் துண்டு வாங்க வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடச் சம்மதம் என்று எழுதிய காகிதம்தான் அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கட்டிய தொகை மறுபடியும் கடனாக ஆள் மேலே ஏறும். ஆள் மாறினாலும் தோட்டம் மாறினாலும் கடன் மாறாது. நிழல் மாதிரி கூடவே வரும். இந்தத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டு சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அன்றைக்குத் துண்டு எழுதியது துரை. எழுதப் படிக்கத் தெரியாத நமது முன்னோர் பெருவிரல் வைத்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு நாம் படித்திருக்கிறோம், வாக்குப் போடுகிறோம், பிள்ளைகளில் ஆசிரியர்களும் தாதிமாரும் இருக்கிறார்கள். ஆனால் வட்டிக்காரரின் கொப்பியில் நாமே போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறோம். அந்தத் துண்டைத் தீர்க்கத்தான் பதினாறு வயதுப் பிள்ளை கொழும்பில் கோப்பை கழுவுகிறான். ஒரு நாள் ஆடம்பரத்துக்கு நாம் எழுதிக் கொடுப்பது இந்தத் துண்டைத்தான்.

நாடும் ஒரு வீடு மாதிரித்தான். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நமது நாடு அறிவித்தது. அந்த வருடம் செப்டம்பரில் உணவுப் பொருட்களின் விலை கொழும்புக் கணக்குப்படி ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 95 சதவீதம் கூடியிருந்தது. பெரும்பகுதி கடன் காசில் கட்டிய தாமரைக் கோபுரத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டதும் அதே செப்டம்பர் மாதம்தான். நாம் யாரையும் குற்றம் சொல்ல இங்கே வரவில்லை. ஆனால் கடனில் கட்டிய உயரத்துக்கும் வெறும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்பதை அந்த வருடம் நமக்கு நன்றாகக் காட்டியது. கோதுமை மா விலை ஏறியபோது மூன்று ரொட்டி சுட்ட இடத்தில் ஒன்றரை ரொட்டி சுட்டவர்கள் நீங்கள். கடன் முற்றினால் அதன் விலையைக் கடைசியில் அடுப்பங்கரைதான் கட்டுகிறது. நாட்டுக்கும் அப்படித்தான், வீட்டுக்கும் அப்படித்தான்.

போன மாதம் கீழ் டிவிசனில் இதையே பேசினோம். ஒரு பெரியவர் எழுந்து நின்றார். நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டிய கை. "ஐயா, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா ஒண்ணு கேக்குறேன். வருசம் பூரா மத்தவன் சொல்லக் கேட்டு நடக்கிறோம். ஒரு நாளாவது, நம்ம வாசல்ல, நம்ம புள்ளைய நாலு பேரு நிமிந்து பாக்கிற மாதிரி வைக்க வேணாமா? அந்த ஒரு நாளும் வேணாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறோம். அன்றைக்கு உடனே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வியே மனதில் கிடந்தது. இன்றைக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறோம்.

அந்த ஒரு நாள் வேண்டும், ஐயா. கட்டாயம் வேண்டும். சந்தோசம் இல்லாத சிக்கனம் கஞ்சத்தனம். நாங்கள் அதைச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நாளுக்கு அழகு தருவது எது என்றுதான் நாம் யோசிக்க வேண்டும்.

மாசி மாதத்துக் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். ரதியும் மதனும் வேசம் கட்டி வருகிறார்கள். தப்பு முழங்குகிறது. தோட்டமே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறது. யாராவது ஒரு குடும்பம் அதற்காகக் கடன்பட்டதா? வீட்டுக்கு வீடு வரி போட்டோம். ஆடத் தெரிந்தவர் ஆடினார், பாடத் தெரிந்தவர் பாடினார், மற்றவர்கள் விறகும் தேத்தண்ணியும் கொண்டு வந்தோம். நமது முன்னோர் துண்டுக் கடனிலே கிடந்த காலத்திலும் கூத்தை விடவில்லை. அவர்களுக்குச் சந்தோசத்தை வாடகைக்கு எடுக்கத் தேவையிருக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தோம். 2020இலும் 2021இலும் கொரோனா வந்தபோது கல்யாண வீட்டுக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். நமது தோட்டத்திலும் அப்போது கல்யாணங்கள் நடந்தன. இரண்டு வீட்டாரும், ஐயரும், சொந்தத்தில் சிலரும்தான். பேனர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. அப்படித் தாலி கட்டியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் கல்யாணம் செல்லாமல் போய்விட்டதா? யாராவது உங்களைக் குறைவாகப் பேசினார்களா? இல்லை. ஏன்? எல்லோருக்கும் ஒரே சட்டம் இருந்தது. ஒருவர் பெரிதாகவும் மற்றவர் சிறிதாகவும் செய்தால்தான் வெட்கம் வருகிறது. எல்லோரும் ஒன்றாக அளவோடு செய்தால் அந்த வெட்கத்துக்கு இடமில்லை.

இங்கேதான் முக்கியமான விசயம் இருக்கிறது. 'ஊர் வாய்' என்று நாம் பயப்படுகிறோமே, அந்த ஊர் யார்? நாம்தான். "நாலு பேரு என்ன சொல்லுவாங்க" என்று கேட்கிறோமே, அந்த நாலு பேர் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒரு குடும்பம் தனியாகச் சிக்கனம் பிடித்தால் அதை ஏளனம் செய்வோம். எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் அதுவே வழக்கமாகிவிடும்.

அந்த முடிவை யார் முதலில் தொடங்க வேண்டும்? இதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. என்றாலும் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் குவார்ட்டர்ஸில் எங்கள் மகளின் விசேஷம் நடந்தது. எல்லா டிவிசனுக்கும் அழைப்பு வைத்தோம். பந்தல், வீடியோ எல்லாம் இருந்தது. மொய் மேசையும் போட்டோம். சந்தோசமாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் ஒரு தாய் ஆபீசுக்கு வந்து கைமாற்றாகக் கொஞ்சம் காசு கிடைக்குமா என்று கேட்டார். என்ன அவசரம் என்று கேட்டோம். சொல்லத் தயங்கினார். திரும்பத் திரும்பக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "தோட்டை அடகுல வச்சிட்டேங்க. மூக்க முடியல" என்றார். எதற்காக வைத்தீர்கள் என்றோம். "ஐயா வீட்டு விசேஷமாச்சே. ஐநூறு எழுதினா மரியாதையா இருக்காதுன்னு ரெண்டாயிரமா எழுதினேன்" என்றார்.

மொய்க் கொப்பியை எடுத்துப் பார்த்தோம். பெயர் இருந்தது. இரண்டாயிரம். அந்தக் கொப்பியில் இன்னும் எத்தனை தோடு, எத்தனை மோதிரம் இருக்கிறது என்று நினைத்தபோது அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. காசைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "மொய்யைத் திருப்பி வாங்கக் கூடாதுங்க ஐயா" என்று அவர் வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கணக்கு இன்னும் எங்கள் தலையில்தான் இருக்கிறது. உங்களுக்குச் சிக்கனம் சொல்லும் தகுதி எங்களுக்கு இருக்கிறதா என்று தெரியாது. ஆனால் ஆபீஸ் ஆட்களும், கணக்கப்பிள்ளையும், கங்காணியும், தலைவரும் எந்த அளவில் விசேஷம் செய்கிறார்களோ அதுதான் லயத்துக்கு அளவாகிறது என்பதை அன்றைக்கு நன்றாகத் தெரிந்துகொண்டோம்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் சில யோசனைகளை வைக்கிறோம். பேசிப் பாருங்கள். வேண்டியதைச் சேருங்கள், பிழை இருந்தால் திருத்துங்கள்.

முதலாவது, மொய்க்கு ஒரு உச்ச அளவு வேண்டும். தொகையைக் கோயில் கமிட்டியும் மாதர் சங்கமும் உட்கார்ந்து தீர்மானிக்கட்டும். ஐயா வீடு என்றாலும், தலைவர் வீடு என்றாலும், லயத்துக் கடைசிக் காம்பரா என்றாலும் ஒரே அளவு. குவார்ட்டர்ஸ் ஆட்கள் முதலில் கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அடுத்து வருகிற விசேஷத்தில் மொய் மேசையே இருக்காது. இதை இந்தச் சந்நிதியில் சொல்கிறோம்.

இரண்டாவது, அண்டா, தாச்சி, கரண்டி, பாய், கொஞ்சம் கதிரை ஆகியவற்றைச் சங்கத்தின் பெயரில் பொதுவாக வாங்கி வைப்போம். விசேஷ வீட்டுக்குச் சமைக்க முன்னெல்லாம் லயத்துப் பெண்கள்தான் கூடினார்கள். சோறும், பருப்பும், இரண்டு மரக்கறியும், ஒரு பாயாசமும் போதும். கரட், போஞ்சி, சவுசவு எல்லாம் நமது வாசல் தோட்டத்திலேயே இருக்கின்றன. ஆளுக்கொரு கூடை கொண்டு வந்தால் பாதிச் சமையல் முடிந்தது. அதுவும் ஒரு சீர்தான்.

மூன்றாவது, விசேஷ வீட்டில் போத்தல் வேண்டாம். குடித்துவிட்டு நடந்த சண்டையால் நின்றுபோன சடங்குகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். மதுவால் வருகிற மற்றக் கேடுகளைப் பேச இன்னொரு நாள் வேண்டும்.

நாலாவது, கடன் வாங்குவதற்கு முன்னால் கொப்பியும் பேனையும் எடுங்கள். வட்டி எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தம் எத்தனை பேர் என்று எழுதுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் வீட்டு நிலைமை விளங்கட்டும். தீபாவளி முற்பணத்தையும் மறக்க வேண்டாம். அது இனாம் இல்லை, பிறகு மாதா மாதம் சிட்டையில் கழிபடும். லீசிங்கில் எடுக்கிற முச்சக்கர வண்டிக்கும், தவணைக்கு வாங்குகிற போனுக்கும் இதே கணக்குத்தான். உழைத்துத் தருகிற சாமானா, உழைப்பைத் தின்கிற சாமானா என்று பாருங்கள். உழைத்துத் தருகிறதென்றால் யோசித்து வாங்கலாம்.

ஐந்தாவது, வயிற்றில் கைவைக்காதீர்கள். பிள்ளையின் முட்டை, கர்ப்பிணியின் சாப்பாடு, பாடசாலைக் கொப்பி, பஸ் காசு, குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை, ஆஸ்பத்திரிச் செலவு ஆகியவை ஆடம்பரம் அல்ல. இவற்றைக் காப்பாற்றத்தான் சிக்கனம். எளிமையாக வாழ்வது என்றால் குறைவாகச் சாப்பிடுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்தவர் கண்ணுக்காகச் செய்கிற செலவைக் குறைத்து, நம் வீட்டுப் பிள்ளைக்காகச் செய்கிற செலவைக் கூட்டுவதுதான் எளிமை.

இளைஞர்களிடமும் யுவதிகளிடமும் ஒரு வார்த்தை. அப்பா அம்மா உங்களிடம் 'வேண்டாம்' என்று சொல்லக் கூச்சப்படுகிறார்கள். பிள்ளையின் முகம் வாடக்கூடாது என்று கடன் வாங்குகிறார்கள். ஆகவே "எனக்கு இது போதும்" என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உங்கள் அம்மாவின் காதில் இருக்கிற தோட்டைக் காப்பாற்றும்.

கீழ் டிவிசன் பெரியவருக்கும் மறுபடி ஒரு வார்த்தை. நாலு பேர் நிமிர்ந்து பார்க்கிற நாள் நமக்கும் வேண்டும் என்றீர்கள். அந்த நாள் வரத்தான் போகிறது, ஐயா. பரீட்சை முடிவு வருகிற காலையில், "சித்தியடைந்துட்டேன்" என்று பிள்ளை லயத்து வாசலில் ஓடி வரும்போது, யாரும் அழைக்காமலே எல்லோரும் இஸ்தோப்புக்கு வந்து நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நாளுக்கு மொய்யும் வேண்டாம், பேனரும் வேண்டாம். அன்று காலையில் பிள்ளை கொழும்பில் இல்லாமல் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மொய் விசயமாகக் கையெழுத்து வைக்கிற கொப்பி வாசலில் மேசை மேல் இருக்கிறது. முதலாவது பெயராக எங்கள் பெயரை எழுதியிருக்கிறோம். கட்டாயம் யாருக்கும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு நாளைக்கு வந்து எழுதினாலும் சரி.

அடுப்புப் பற்றவைக்க நேரமாகிறது. பிள்ளைகளுக்குச் சுடச்சுட ஏதாவது கொடுங்கள்.